மறைந்த எருதை மீட்க முடியுமா?



1627-ஆம் ஆண்டில், போலந்து நாட்டிலுள்ள யாக்டோருவ் என்னும் காட்டில் ஒரு பசு இறந்தது. அது வீட்டுப் பசு அன்று, காட்டுப் பசு. அதன் இனத்துக் காளைகள் அதற்கு முன்பே ஒழிந்துவிட்டன. ஏனைய பசுக்களும் மடிந்துவிட்டன. எஞ்சி நின்ற அந்த ஒன்றும் மறைந்ததும், உலகில் ஏர் இழுக்கும் எருதுகளுக்கும் பால் சுரக்கும் பசுக்களுக்கும் மூதாதையாக விளங்கிய ஒரு பழங்குடி அடியோடு அற்றுப்போயிற்று.

அற்றுப்போன அந்த விலங்கை மீண்டும் உண்டாக்க இயலுமா என்று கேட்டு, இயலும் என்று தாமே விடையும் கூறி, செயலிலும் இறங்கியவர்கள் சென்ற நூற்றாண்டில் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கையாண்ட வழியில் மாயம் எதுவும் இல்லை. நம் கரிசல் நாட்டுச் சம்சாரி வழிவழியாக அறிந்து வைத்திருக்கும் வழிதான் அது. குணம் அறிந்து காளையைத் தேர்ந்து, குணம் அறிந்த பசுவோடு சேர்த்து, பிறக்கும் கன்றுகளில் வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை விலக்குவது. இந்த எளிய வழி எவ்வளவு தூரம் செல்லும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் அந்த விலங்கை அறிந்துகொள்வோம். ஆங்கிலத்தில் அதனை ஆராக்ஸ் என்பர். ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா, இந்தியா ஆகிய பெருநிலப் பரப்பெங்கும் அது ஒரு காலத்தில் மேய்ந்து திரிந்தது. ஐரோப்பியக் காளை தோள் வரையில் ஆறடி உயரத்தை எட்டக்கூடியது. நல்ல காங்கேயம் காளை ஒன்றின் தோள் உயரம் ஏறத்தாழ நாலரை அடி என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் பெருமை விளங்கும். கொம்புகள் முதலில் பக்கவாட்டில் விரிந்து, பின் முன்னோக்கி வளைந்து, நுனியில் உள்நோக்கித் திரும்பியிருந்தன. கன்று பிறக்கும்போது செம்பழுப்பு நிறம். பசு ஏறக்குறைய அந்த நிறத்திலேயே நின்றுவிடும். காளையோ வளர வளரக் கறுத்து, முதுகந்தண்டின் மீது மட்டும் வெளிறிய கோடு ஒன்றைத் தாங்கி நிற்கும். இந்த நிறமாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது நம் ஊர்த் தொழுவத்திற்கே வந்து சேரும்.

இவ்வளவு நுட்பமாக அந்நிறத்தை எவ்வாறு அறிந்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். பிரான்சு நாட்டில் லாஸ்கோ என்னும் இடத்தில் 1940-இல் ஒரு குகை கண்டுபிடிக்கப்பெற்றது. அதன் சுவர்களில் ஏறத்தாழ 17,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்கள் இவ்வெருதுகளைத் தீட்டி வைத்திருந்தார்கள். அவற்றுள் ஒன்று ஐந்து மீட்டருக்கும் மேற்பட்ட நீளம் உடையது. ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசரும் தம் போர்க் குறிப்புகளில், யானையினும் சற்றே சிறியது என்று இவ்விலங்கைக் குறிப்பிடுகிறார். தளபதிகள் எழுதுவதைச் சற்றுக் கழித்துத்தான் படிக்க வேண்டும். ஆயினும் அவர் வியந்து எழுதினார் என்பது உண்மை. இவற்றோடு சதுப்பு நிலங்களிலும் குகைகளிலும் கிடைத்த எலும்புக் கூடுகளும் உள்ளன.

இனி, நம் நாட்டுச் செய்தி. நருமதை ஆற்றுப் படுகையில் கிடைத்த தொல்லெலும்புகளைக் கொண்டு, ஹியூ பால்கனர் என்னும் அறிஞர் 1859-இல் இந்தியக் காட்டெருதுக்குப் பெயர் சூட்டினார். நருமதையின் பெயரையொட்டி அதனை நமாடிகஸ் என்று அழைக்கின்றனர். ஐரோப்பிய ஆராக்சும் இதுவும் ஓரினத்தின் இரு கிளைகள். ஆனால் இலட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே தனித்தனியாகப் பிரிந்து போனவை. மேற்கு ஆசியாவில் ஏறத்தாழ 10,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு கிளையை மனிதன் வீட்டு விலங்காக்கினான். அதன் வழிவந்தவை திமில் இல்லாத ஐரோப்பிய மாடுகள். சிந்து சமவெளிக்கு மேற்கே, இன்று பாகிஸ்தானில் உள்ள மெஹர்கர் என்ற பகுதியில், ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன் மற்றொரு கிளையைப் பழக்கினார்கள். நம் திமிலுடைய மாடுகள் அந்தக் கிளையின் வழித்தோன்றல்கள். அவ்வாறு பழக்கிய மாடுகள் தெற்கே பரவியபோது ஆங்காங்கே காட்டுப் பசுக்களும் மந்தையோடு கலந்திருக்கக்கூடும் என்று மரபணு ஆய்வாளர் கருதுகின்றனர். இந்தியக் காட்டெருதின் எலும்புகளில் மிக அண்மைக் காலத்தவை என்று கருதப்படுபவை கர்நாடகத்தில் பனஹள்ளி என்னும் இடத்தில் கிடைத்தன. அவற்றின் வயது சுமார் 4,200 ஆண்டுகள். ஐரோப்பிய எருது மறைவதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே நம் எருது மறைந்துவிட்டது போலும். அதற்கு அரசரின் காவல் இல்லை. ஓவியனின் தூரிகையும் போதிய அளவில் வாய்க்கவில்லை.

இங்கே ஓர் ஐயத்தை நீக்கிவிட வேண்டும். வகுப்பில் இப்பாடத்தைத் தொட்ட போதெல்லாம், "ஐயா, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் காட்டுமாடு இருக்கிறதே, அதுதானே நம் மாட்டுக்கு மூதாதை?" என்று எவனாவது ஒருவன் எழுந்து கேட்பான். நல்ல கேள்வி. திருவில்லிபுத்தூர் மலைப்பக்கம் திரியும் அந்தக் காட்டுமாடு, பழந்தமிழர் ஆமான் என்று அழைத்த விலங்கு என்பர். அது நம் மாட்டுக்குப் பங்காளியே தவிரப் பாட்டன் அன்று. அதனைப் பழக்கியதால் கிடைத்த வீட்டு விலங்கு வேறு. வடகிழக்கு மாநில மலைகளில் மிதுன் என்ற பெயரில் அது வளர்க்கப்படுகிறது. நம் உழவெருதின் பாட்டன் இன்று எந்தக் காட்டிலும் இல்லை.

ஐரோப்பிய எருது மறைந்த கதை கேட்போர் மனத்தை வருத்தும். காடுகளை அழித்து விளைநிலமாக்கியதாலும், வேட்டையாலும், வீட்டு மாடுகளோடு மேய்ச்சலுக்குப் போட்டியிட வேண்டியிருந்ததாலும் அது படிப்படியாகக் கிழக்கே ஒதுங்கிற்று. இறுதியில் யாக்டோருவ் காடு ஒன்றே அதற்குப் புகலிடமாயிற்று. போலந்து அரசர்கள் அதனைக் காக்க முயன்றார்கள். அதனைப் பேணும் பொறுப்பை அப்பகுதிக் கிராம மக்களிடம் ஒப்படைத்து, அதற்கு ஈடாக அவர்களுக்கு வரிச்சலுகையும் அளித்தார்கள். 1564-இல் எடுத்த கணக்கின்படி 38 விலங்குகள் இருந்தன. 1599-இல் 24. 1602-இல் நான்கே நான்கு. 1620-இல் கடைசிக் காளை இறந்தது. அதன் கொம்பு பூண் கட்டிய ஊதுகொம்பாக ஸ்டாக்ஹோம் அரும்பொருளகத்தில் இன்றும் உள்ளது. காளை இல்லாத பசு ஏழாண்டு தனித்து வாழ்ந்து 1627-இல் முடிந்தது. சட்டம் இருந்தது, காவலர் இருந்தனர், சலுகையும் இருந்தது. எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே வீழ்ந்த பின் இவற்றுள் எதுவும் பயன்படவில்லை.

இனி, மீட்கும் வழிக்கு வருவோம். இதனை விளங்கிக்கொள்வதற்குச் செர்மனிக்குப் போக வேண்டியதில்லை, கோவில்பட்டியிலேயே தொடங்கலாம். 1901-ஆம் ஆண்டில் இங்கு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பெற்றது. அக்காலத்தில் நம் கரிசலில் விளைந்த பருத்தி 'டின்னவெல்லி' என்னும் பெயரோடு அயல்நாட்டு ஆலைகளுக்குச் சென்றது. அது ஒரே வகைப் பருத்தி அன்று. உப்பம் என்னும் ஒரு வகையும் கருங்கண்ணி என்னும் மற்றொரு வகையும் ஒரே காட்டில் கலந்து நின்றன. அறிஞர்கள் செடி செடியாகப் பார்த்தார்கள். இழை நீளமானது எது, வறட்சியைத் தாங்குவது எது, கொட்டையிலிருந்து மிகுதியான பஞ்சைத் தருவது எது என்று தேர்ந்து, ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனியே விதைத்து, மீண்டும் தேர்ந்தார்கள். அவ்வாறு கிடைத்தவைதாம் ஊர்ப்பெயரின் முதலெழுத்தாகிய 'கே' என்பதோடு எண் சேர்த்து வழங்கிய கருங்கண்ணி வகைகள்.

இதில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. தேர்வு என்பது இல்லாததைப் படைப்பதன்று. கலந்து கிடப்பதைப் பிரித்தெடுப்பது. அது ஓர் உண்மை. காட்டில் எந்தச் செடியிலும் இல்லாத குணத்தை எத்தனை ஆண்டு தேர்ந்தாலும் பெற முடியாது என்பது மற்றோர் உண்மை. முன்னது நம்பிக்கை தருவது. பின்னது எல்லை காட்டுவது. காட்டெருதை மீட்கப் புறப்பட்டவர்களுள் சிலர் முன்னதை மட்டும் பார்த்தார்கள் என்பது என் கருத்து.

அவர்களுடைய எண்ணம் இதுதான். காட்டெருது இறந்துவிட்டது, ஆனால் அதன் குணங்கள் முற்றும் இறக்கவில்லை. அதன் வழிவந்த மாட்டினங்களுள் ஒன்றில் கொம்பு பழைய வடிவில் இருக்கும். ஒன்றில் நிறம் இருக்கும். ஒன்றில் உயரமும் நீண்ட காலும் இருக்கும். ஒன்றில் தன் கன்றைத் தானே காத்துக்கொள்ளும் வீறு இருக்கும். சிதறிக் கிடக்கும் இவற்றை ஓர் உடலில் ஒன்றுகூட்டினால் பழைய எருது திரும்பி வரும் அல்லவா?

தமிழ் மாணவராகிய உங்களுக்கு இதனை ஓர் உவமையால் எளிதில் விளக்கலாம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். நூலாசிரியர் தம் கையால் எழுதிய ஏடு அவருக்குக் கிடைத்ததா? இல்லை. படியெடுத்தவர்களின் பிழையும் செல்லரிப்பும் நிறைந்த பிற்காலப் பிரதிகளே கிடைத்தன. ஒரு பிரதியில் சிதைந்த அடி மற்றொன்றில் தெளிவாக இருந்தது. பல ஊர்களின் பிரதிகளை ஒப்பிட்டு மூலத்தை அவர் மீட்டார். மாட்டினங்களும் அத்தகைய பிரதிகளே. ஒவ்வொரு நாட்டு உழவனும் தன் தேவைக்கேற்பப் பாலுக்கென்றும், உழவுக்கென்றும், இறைச்சிக்கென்றும் திருத்தி எழுதிய பிரதிகள். எல்லாப் பிரதிகளிலும் ஓர் அடி அழிந்திருந்தால் அந்த அடி அழிந்ததுதான். பதிப்பாசிரியன் தானே ஒன்றை எழுதி அங்கே சேர்த்தால் அது இடைச்செருகல் ஆகும்.

முதன்முதலில் பெரிய அளவில் முயன்றவர்கள் செர்மனியைச் சேர்ந்த ஹெக் சகோதரர்கள். ஹைன்ஸ் ஹெக் மியூனிக் நகரத்து விலங்குக் காட்சிச்சாலையின் தலைவர். லூட்ஸ் ஹெக் பெர்லின் காட்சிச்சாலையின் தலைவர். 1920-களில் இருவரும் தனித்தனியே இப்பணியைத் தொடங்கினார்கள். மியூனிக்கில் ஹங்கேரியச் சாம்பல் மாடு, ஸ்காட்லாந்து மேட்டுநில மாடு, கோர்சிகாத் தீவு மாடு முதலியவற்றைக் கலந்தார்கள். பெர்லினில் ஸ்பெயின் நாட்டுப் போர்க்காளைகளும் பிரான்சின் காமார்க் மாடுகளும் பயன்பட்டன. 1932-இல் மியூனிக்கில் பிறந்த காளைக்கன்று ஒன்றைக் கண்டு, ஆராக்ஸ் மீண்டு வந்துவிட்டது என்று ஹைன்ஸ் ஹெக் மகிழ்ந்தார்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பருத்தி ஆண்டுக்கொரு தலைமுறை தரும். பன்னிரண்டு ஆண்டில் பன்னிரண்டு முறை தேர்ந்தெடுக்கலாம். அவ்வளவு விரைவான பயிரிலேயே ஒரு நல்ல வகையை நிலைநிறுத்தப் பல ஆண்டுகள் ஆகின்றன. மாடு அப்படியா? ஒரு கிடாரி வளர்ந்து, சினைப்பட்டு, ஈன்று, அக்கன்று மீண்டும் ஈனும் பருவம் எய்த மூன்று நான்கு ஆண்டுகள் வேண்டும். பன்னிரண்டு ஆண்டில் மூன்று அல்லது நான்கு தலைமுறையே காண முடியும். அதற்குள் பலவினக் கலப்பைச் செய்து, மறைந்து நிற்கும் குணங்களை வெளிக்கொணர்ந்து, அவை மாறாது வழிவழி வருமாறு செய்வது எங்ஙனம் இயலும்? கலப்பின் முதல் தலைமுறையில் ஒன்றை ஒன்று மூடி மறைக்கும் குணங்கள் அடுத்த தலைமுறையில் பலவாறு பிரிந்து தோன்றும். ஒரு தாய் ஈன்ற கன்றுகளே ஒன்றுபோல் ஒன்று இரா. ஹெக் மாடுகளில் அதுதான் நிகழ்ந்தது. சிலவற்றின் கொம்பு மேல்நோக்கி நிமிர்ந்தது. சிலவற்றின் நிறம் வெளிறியது. காளைகளின் உயரம் ஏறத்தாழ நாலரை அடி அளவிலேயே நின்றது.

இம்முயற்சியில் அரசியலும் புகுந்தது. லூட்ஸ் ஹெக் நாஜி அரசுக்கு மிக நெருங்கியவர். ஹெர்மன் கோரிங் என்னும் நாஜித் தலைவனுக்குப் பழங்காலக் காடும், அதில் பழங்கால எருதும், அதனை வேட்டையாடும் பெருமையும் வேண்டியிருந்தன. கிழக்குப் பிரஷியாவிலும், போலந்து மக்களிடமிருந்து பறித்த பியாலோவீஷா காட்டிலும் பெர்லின் மாடுகள் விடப்பட்டன. போரின் முடிவில் அவை யாவும் அழிந்தன. இன்று உலகில் ஹெக் மாடு என்று வழங்குவன மியூனிக் வழியில் வந்தவை. விஞ்ஞானம் தன் கேள்விக்கு விடை காண்பதை விடுத்து, ஆள்வோரின் கனவுக்குச் சான்று தேடப் புறப்பட்டால் எதற்கெல்லாம் துணை போகும் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

ஹெக் சகோதரர்களின் வேலையைப் பிற்காலத்தில் நடுநிலையோடு ஆராய்ந்தவர் சிஸ் வான் வூரே என்னும் டச்சு அறிஞர். 2005-இல் வெளிவந்த தம் நூலில் எலும்பு, ஓவியம், பழங்குறிப்பு ஆகிய அனைத்தையும் திரட்டி, உண்மையான ஆராக்சையும் ஹெக் மாட்டையும் அருகருகே நிறுத்தினார். உருவத்திலும் அளவிலும் இரண்டிற்கும் ஒற்றுமை குறைவு என்பது அவர் முடிவு. மூலத்தின் சான்றுகளைப் பாராமலே பதிப்பித்த நூல் அது என்று நான் உவமையைத் தொடர்வேன்.

பிற்காலத்தார் இக்குறையை உணர்ந்து நடந்தனர். செர்மனியில் 1996 முதல் ஹெக் மாட்டோடு இத்தாலியின் உயர்ந்த கியானினா இனத்தையும் ஸ்பெயின் நாட்டுச் சயாகேசா இனத்தையும் கலந்து உருவத்தைத் திருத்தி வருகின்றனர். நெதர்லாந்தில் 2008-இல் தோன்றிய டாரோஸ் திட்டம் ஹெக் மாட்டை விடுத்து, மூலத்திற்கு நெருங்கிய தென் ஐரோப்பிய நாட்டுமாடுகளைக் கொண்டு தொடங்கிற்று. இத்தாலியின் மரேம்மானா, போர்ச்சுகலின் மரோநேசா, ஸ்பெயினின் பஹுனா ஆகியன அவற்றுட் சில. அவர்களுக்கு ஹெக் காலத்தில் இல்லாத ஓர் உதவியும் கிடைத்துள்ளது. இங்கிலாந்தில் டார்பிஷயர்க் குகை ஒன்றில் கிடைத்த, சுமார் 6,750 ஆண்டுப் பழமையுள்ள ஆராக்ஸ் எலும்பிலிருந்து அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் 2015-இல் படித்தறிந்து வெளியிட்டார்கள். மூல ஏட்டின் எழுத்தே கிடைத்தது போன்ற செய்தி இது. அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது பிரிட்டனின் சில நாட்டுமாட்டினங்களில் அவ்வூர் ஆராக்சின் கலப்பு இருப்பதும் தெரியவந்தது.

ஆயினும் எல்லை எல்லையே. ஐரோப்பிய வீட்டு மாடுகள் அனைத்தும் மேற்கு ஆசியாவில் முதன்முதல் பழக்கப்பட்ட ஏறத்தாழ 80 பசுக்களின் வழிவந்தவை என்று 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணித்தது. கண்டங்கள் தோறும் பரவியிருந்த ஒரு பேரினத்திலிருந்து எண்பது பசுக்கள்! அந்தச் சிறு மந்தைக்குள் வாராத குணங்கள் எத்தனை இருந்திருக்கும்! அவை படியெடுக்கப்படாமலே போன ஏடுகள். டாரோஸ் திட்டத்தார் இதனை அறிந்தே, ஆராக்சையே மீட்கிறோம் என்று கூறாமல், காட்டில் அதன் இடத்தை நிரப்பவல்ல ஒரு மாட்டைப் படைக்கிறோம் என்று அடக்கமாகக் கூறுகின்றனர்.

இடத்தை நிரப்புவது என்றால் என்ன? பெரிய மேய்ச்சல் விலங்கு இல்லாத நிலத்தில் புதர் மண்டிக் காடு மூடிக்கொள்ளும். எருது மேய்ந்து, மிதித்து, மரக்கன்றுகளைக் கடித்துத் தின்று, நடுநடுவே வெளிகளை உண்டாக்கும். அவ்வெளிகளில் பூச்செடியும் வண்டும் பறவையும் வாழும். இந்நோக்கத்தோடு நெதர்லாந்தில் ஊஸ்ட்வார்டர்ஸ்பிளாசன் என்னும் வேலியடைத்த சதுப்புநிலக் காப்பகத்தில் 1983-இல் 32 ஹெக் மாடுகளை விட்டார்கள். பின்னர்க் குதிரைகளும் செம்மான்களும் சேர்ந்தன. அவற்றைக் கொன்று தின்னும் ஓநாய் அங்கில்லை. வேலிக்கு வெளியே மேய்ச்சல் தேடிச் செல்லவும் வழியில்லை. 2017–18 குளிர்காலத்தில் மூவாயிரத்திற்கும் மேற்பட்ட விலங்குகள் மாண்டன. அவற்றுள் பெரும்பாலானவை பட்டினியில் துடித்துச் சாகும் முன் காவலரால் சுடப்பட்டவை. பொதுமக்கள் கொதித்தெழுந்து வேலிக்கு மேலாக வைக்கோலை எறிந்தார்கள். காட்டு விலங்கைப் படைக்கலாம். அதற்குக் காடு வேண்டாமா? நம் ஊரில் பஞ்ச காலங்களில் மாட்டை அவிழ்த்து மலைப்பக்கம் ஓட்டிச் சென்ற முதியவர்கள் இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டிருப்பார்கள்.

இவ்வழி நன்கு பொருந்திய இடமும் ஒன்றுண்டு. தென்னாப்பிரிக்காவில் குவாகா என்னும் வரிக்குதிரை, உடலின் பின்பாதியில் வரியில்லாதது, வேட்டையால் அழிந்தது. அதன் கடைசி உயிர் ஆம்ஸ்டர்டாம் காட்சிச்சாலையில் 1883-இல் இறந்தது. பதப்படுத்தி வைத்த தோலிலிருந்து 1984-இல் மரபணுவை எடுத்துப் பார்த்தபோது, அது இன்றும் வாழும் வரிக்குதிரைக்கு மிக நெருங்கிய உறவென்று தெரிந்தது. 1987-இல் ரைன்ஹோல்ட் ரௌ என்பவர் வரி குறைந்த குதிரைகளைத் தேர்ந்து இனப்பெருக்கம் தொடங்கினார். இன்று அந்த மந்தையில் குவாகாவைப் போன்ற தோற்றமுடையவை உள்ளன. மூலத்திற்கு மிக நெருங்கிய பிரதி உயிரோடு இருந்தமையால் அவ்வளவேனும் கைகூடிற்று.

நம் நமாடிகஸை அவ்வாறு மீட்க யாரேனும் முயன்றால் எந்தப் பிரதிகளைக் கையில் எடுப்பர்? காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலை நிறம். சில மாதங்களில் அது மயிலையாக மாறும். பசு மயிலையாகவோ வெண்மையாகவோ நிற்கும். பொலிகாளையின் தலையும் கழுத்தும் திமிலும் பின்தொடையும் கறுத்து விளங்கும். காயடித்த எருதில் அக்கருமை நில்லாது. அஃதாவது, அந்தக் கருமை ஆண்மையோடு சேர்ந்தது. செம்பழுப்பில் பிறந்து, காளை மட்டும் கறுக்கும் ஆராக்சின் வழக்கத்தை முன்பு கூறினேன் அல்லவா? அந்தப் பழைய ஏட்டின் ஓரடி காங்கேயத்துத் தொழுவத்தில் இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. காவிரிப் படுகையின் உம்பளாச்சேரிக் கன்றும் செவலையாகப் பிறந்து பின்னர் மாறுவதே. மதுரை, சிவகங்கைப் பக்கம் கிடைமாடாக ஊரூராய்ச் சென்று வயலில் அடையும் புலிக்குளம் மாட்டிலும் காளை கறுத்த மயிலை. தன் கூட்டத்தைக் காக்கும் அதன் சீற்றத்தை ஏறுதழுவும் களத்தில் கண்டிருப்பீர்கள்.

திமிலைப் பற்றி ஒரு சொல். காட்டு நமாடிகசுக்குத் திமில் இருந்ததா? திமில் எலும்பன்று, தசை. தசை மண்ணில் நிலைப்பதில்லை. எனவே எலும்பை வைத்து இதனை முடிவுகட்ட இயலாது. ஐரோப்பியர்க்குக் கிடைத்த குகையோவியமும், அரசர் கணக்கும், மரபணுத் தொகுதியும் போன்ற சான்றுகள் நமக்கு மிகக் குறைவு. ஆகவே நமக்கு மூலத்தின் பெரும்பகுதி பிரதிகளிலேயே தங்கியுள்ளது.

அந்தப் பிரதிகளின் நிலை யாது? 1960-களில், என் சிறுபிராயத்தில், கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்கள் சிற்றூரில் உழவுமாடு இல்லாத சம்சாரி வீடு இல்லை. புரட்டாசியில் மழை பெய்து கரிசல் நெகிழ்ந்தால், இரவோடிரவாக ஏர்கள் புறப்படும். கால் புதையும் அந்த மண்ணில் ஏர் இழுக்கவும், கிணற்றில் கமலை இறைக்கவும், பருத்திப் பொதியை வண்டியில் ஏற்றி நகரத்திற்குக் கொண்டுவரவும் எருதே வேண்டும். ஆகையால் காளைக்கன்று பிறந்தால் மகிழ்ச்சி. பிறகு பம்பு செட்டு வந்தது, டிராக்டர் வந்தது. அவற்றை நான் குறை கூறேன். கமலை இறைத்துத் தோள் காய்த்துப்போன மனிதர்களை நான் கண்டிருக்கிறேன். பாலைப் பெருக்க ஜெர்சிக் கலப்பும் வந்தது. அதனால் எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் பிழைத்தன, எத்தனையோ பிள்ளைகள் என் பள்ளிக்குச் சோர்வின்றி வந்தார்கள். ஆனால் உழவுக்குத் தேவையற்ற காளைக்கன்று இன்று பாரமாகிவிட்டது. நாட்டுப் பசு சினைக்கு வந்தால் அருகில் நாட்டுக் காளை இல்லை; ஊசிதான் உண்டு. அந்த ஊசி கலப்பின ஊசியாக இருந்துவிட்டால், இரண்டு மூன்று தலைமுறையில் அந்தத் தொழுவத்தின் ஏடு அழித்தெழுதப்பட்டுவிடும்.

பிரதிகளைக் காத்தவர்களும் இல்லாமற் போகவில்லை. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் குடும்பத்தினர் காங்கேய இனத்தைக் கண்ணுங் கருத்துமாகத் தேர்ந்து வளர்த்தனர். கிளுவை வேலி சூழ்ந்து, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிறைந்த கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் அவ்வினத்தின் தாய்மடி. அதனைத் தனியே எடுத்துக் கூறக் காரணமுண்டு. நெதர்லாந்தின் சதுப்பு நிலத்தில் இல்லாத ஒன்று அங்கே இருந்தது: விலங்கும், அதற்கேற்ற நிலமும், இவ்வளவு நிலத்தில் இத்தனை உயிர் என்று அளந்து விடும் மனிதனும். புலிக்குளம் மாட்டிற்கு மானாமதுரையிலும், மிகவும் அருகிவிட்ட ஆலம்பாடி மாட்டிற்குத் தருமபுரி மாவட்டத்திலும் அரசு சார்பில் ஆராய்ச்சி நிலையங்கள் அமைந்துள்ளன. கரிசல் நாட்டின் கருங்கண்ணிப் பருத்தியும் நீண்ட இழைப் பருத்தி வகைகளின் முன் நிற்க மாட்டாது ஒதுங்கி, இப்போது சிலர் முயற்சியால் ஆங்காங்கே மீண்டும் விதைக்கப்படுகிறது. விதை எஞ்சியிருந்ததால்தான் அது முடிந்தது.

இதனைக் கேட்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். நாற்பதாண்டு ஆசிரியத் தொழில் செய்தவனுக்கு அந்தப் பழக்கம் எளிதில் விடுவதில்லை. உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ நாட்டுப் பசு ஒன்று ஈன்றால், ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதத் தொடங்குங்கள். கன்றின் நிறம், காளையா கிடாரியா, தாயின் நிறம், தந்தைக் காளை எந்த ஊரைச் சேர்ந்தது, அல்லது ஊசியா என்பவற்றை வீட்டுக்காரரிடம் பணிவாகக் கேட்டுக் குறியுங்கள். பிறகு மாதம் ஒரு முறை சென்று பாருங்கள். செவலை எந்த மாதத்தில் மங்கத் தொடங்கியது, முதலில் நிறம் மாறியது முகமா, காலா, முதுகா; காளைக்கன்றானால், கழுத்தில் கருமை எப்போது படர்ந்தது? ஓராண்டுக் குறிப்பு போதும். உங்கள் வகுப்பில் பத்துப் பேர் எழுதினால் பத்துக் கன்றுகளின் வரலாறு கிடைக்கும். அதனை உங்கள் விலங்கியல் ஆசிரியரிடம் காட்டி, ஒரே நிறத் தாய் ஈன்ற கன்றுகள் ஏன் வேறுபட்டன என்று கேளுங்கள். எங்கள் ஊரில் இப்போது எண்ணிப் பார்த்ததில் நாட்டுப் பசு மூன்று வீடுகளில் இருக்கிறது. அவற்றுள் ஒன்று வருகிற தை மாதத்தில் ஈனும்.